பழைய கட்டடமும் பழைய தெருவும்: சென்னை நடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜார்ஜ் டவுன் தெருக்களில் பத்துப் பதினைந்து பேரைக் கூட்டிக்கொண்டு பழைய கட்டடங்களைக் காட்டி நடப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். கட்டணம் கிடையாது, மைக்கும் கிடையாது. வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் வாராவாரம் ஏறக்குறைய ஒன்றுதான். பதில் சொல்லி முடிப்பதற்குள் ஒரு தள்ளுவண்டி குறுக்கே வந்துவிடும், பாதிப் பதில் அங்கேயே நின்றுவிடும். அப்படி நின்றுபோனவற்றையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

பாரம்பரியக் கட்டடம் என்றால் நூறு வயது ஆகியிருக்க வேண்டுமா?

நினைவுச்சின்னங்களுக்கான 1958-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் நூறு வருடக் கணக்கைத்தான் பார்க்கிறது. கோட்டைக்கும் கோயிலுக்கும் அது சரி. ஒரு நகரத்துக்கு அந்தக் கணக்கு போதாது. அண்ணா சாலையில் இருக்கும் எல்.ஐ.சி. கட்டடம் 1959-ல் திறந்தது. பதினான்கு மாடி. ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்களுக்கு அண்ணாந்து பார்க்கக் காட்டிய முதல் கட்டடம் பல குடும்பங்களுக்கு அதுதான். இன்னும் நூறு ஆகவில்லை என்பதால் அதைத் தள்ளிவிட முடியுமா?

என்னுடைய அளவுகோல் எளிது. வழி சொல்லும்போது எந்தக் கட்டடத்தின் பெயர் வாயில் வருகிறதோ, அது பாரம்பரியம். சில சமயம் கட்டடம் போன பிறகும் பெயர் நிற்கும். மூர் மார்க்கெட் 1985 மே மாதம் எரிந்துபோனது. அந்த இடத்தில் எழும்பிய புறநகர் ரயில் நிலையத்துக்கு இன்றும் ரயில்வேக் கணக்கில் மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ் என்றுதான் பெயர். அந்த மார்க்கெட்டைக் கண்ணால் பார்க்காதவர்களும் தினமும் அந்தப் பெயரில் டிக்கெட் எடுக்கிறார்கள்.

எல்லாம் வெள்ளைக்காரன் கட்டினதுதானே, நாம் ஏன் காப்பாற்ற வேண்டும்?

கோபத்தோடு கேட்பவர்களும் உண்டு, உண்மையான சந்தேகத்தில் கேட்பவர்களும் உண்டு. நல்ல கேள்விதான்.

வரைபடம் போட்டவர்கள் வெள்ளைக்காரர்கள். சிசோம், ஹென்றி இர்வின் என்று பெயர்கள் கல்வெட்டில் இருக்கும். எழுப்பியது யார் என்று பாருங்கள். உயர் நீதிமன்றம், விக்டோரியா பப்ளிக் ஹால், கன்னிமாரா நூலகம் ஆகியவற்றைக் கட்டிய ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியார். கணித மேதை ராமானுஜன் கடைசி நாட்களில் இருந்த சேத்துப்பட்டு வீடும் அவருடையதுதான். 1913-ல் திறந்த ரிப்பன் கட்டடத்தைக் கட்டியவர் லோகநாத முதலியார், செலவு ஏழரை லட்சம் ரூபாய். அவர்களுக்குக் கீழே செங்கல் சுமந்தவர்கள், சுண்ணாம்பு அரைத்தவர்கள், தேக்கு இழைத்தவர்கள் பெயர் எந்தப் பலகையிலும் கிடையாது. அவர்கள் கைவேலைக்குச் சாட்சியாக நிற்பது அந்தச் சுவர் மட்டுமே. அதையும் இடித்துவிட்டால் சிசோமுக்கு ஒன்றும் நஷ்டமில்லை. அவர் பெயர் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது.

கிழக்கிந்தியக் கம்பெனி கட்டியதை மட்டுமல்ல, இடித்ததையும் சேர்த்துத்தான் நடையில் சொல்கிறேன். இப்போது உயர் நீதிமன்றம் இருக்கும் பக்கத்தில் ஒரு காலத்தில் பட்டணத்துக் கோயில் இருந்தது. பிரெஞ்சுக்காரர்களோடு சண்டை நடந்த காலம், செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு முன்னால் வெட்டவெளி வேண்டும் என்று 1757-ல் கம்பெனி அதை இடித்தது. பிறகு 1760-களில், மணலி முத்துகிருஷ்ண முதலியாரின் முயற்சியில், தேவராஜ முதலி தெருப் பக்கம் சென்னகேசவப் பெருமாளுக்கும் சென்னமல்லீஸ்வரருக்கும் பக்கத்துப் பக்கத்தில் கோயில்கள் எழுந்தன. பூக்கடை நெரிசலில் அந்தக் கோயில் வாசலைத் தாண்டிப் போகிறவர்களில் பாதிப் பேருக்கு இந்தக் கதை தெரியாது.

ஆகஸ்ட் 22 சென்னையின் பிறந்தநாளா?

1639-ல் அந்தத் தேதியில் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்காக பிரான்சிஸ் டேயும் ஆண்ட்ரூ கோகனும் கடலோர மணல்மேட்டைப் பெற்றார்கள். நடுவில் நின்று பேசி முடித்த துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளர், பேரி திம்மப்பா. அதை வைத்து 2004-லிருந்து மெட்ராஸ் டே கொண்டாடுகிறோம். வரலாற்றெழுத்தாளர் எஸ். முத்தையாவும் நண்பர்களும் தொடங்கியது.

மயிலாப்பூர்க்காரர் யாராவது இருந்தால் உடனே முகம் சுளிப்பார். நியாயம்தான். மயிலையும் திருவல்லிக்கேணியும் கம்பெனிக்கு ஆயிரம் வருடம் மூத்தவை. பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-ல் கண்டெடுத்த கற்கோடரியைக் கணக்கில் எடுத்தால் பிறந்தநாள் கேக்கில் மெழுகுவர்த்தி வைக்கவே இடம் இருக்காது. நான் அதைப் பிறந்தநாள் என்று சொல்வதில்லை. பத்திரம் முடிந்த நாள், அவ்வளவே. ஆனால் அந்த ஒரு வாரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகக் கோட்டையைப் பார்க்க வருகிறார்கள். அந்த ஒரு காரணத்துக்காக எனக்கு ஆட்சேபம் இல்லை.

இந்தக் கட்டடங்களுக்கெல்லாம் யார் பொறுப்பு?

ஒருவர் இல்லை, அதுதான் பிரச்சினையே. கோட்டையும் அதற்குள் இருக்கும் 1680-ஆம் ஆண்டு செயின்ட் மேரி தேவாலயமும் இந்தியத் தொல்லியல் துறையிடம். அப்படிப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாக எதுவும் கட்ட முடியாது, அதற்கு அப்பால் இன்னொரு 200 மீட்டருக்கு அனுமதி வாங்கியே கட்ட வேண்டும். மாநிலத் தொல்லியல் துறைக்கு 1966-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தனியாக இருக்கிறது. அரசு அலுவலகமாக ஓடும் பழைய கட்டடங்களைப் பொதுப்பணித் துறை பராமரிக்கிறது. ரயில்வேக்கு ரயில்வே, மாநகராட்சிக்கு மாநகராட்சி. மீதி எல்லாம், அதாவது நாம் நடந்து பார்க்கும் வீடு, கடை, சத்திரம், அச்சகம், யாரோ ஒருவருடைய தனிச் சொத்து. அவற்றுக்கு உள்ள முக்கியமான கவசம் சி.எம்.டி.ஏ., அதாவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், வைத்திருக்கும் 467 கட்டடங்களின் பட்டியல்.

அந்த 467 கட்டடப் பட்டியல் எப்படி வந்தது?

விளம்பரப் பலகையால் வந்தது! ஊர் முழுக்க பிரம்மாண்டமான ஹோர்டிங்குகள் நின்ற காலத்தில் அதை எதிர்த்து வழக்குகள் நடந்தன. உயர் நீதிமன்றம் நீதிபதி பத்மநாபன் தலைமையில் ஒரு குழு அமைத்தது. எந்தெந்தக் கட்டடத்தைப் பலகை வைத்து மறைக்கக் கூடாது என்று அந்தக் குழு எழுதிய பட்டியலில் 467 பெயர்கள் இருந்தன. கட்டடங்களைக் காப்பாற்ற எழுதிய பட்டியல் இல்லை அது, பார்வையை மறைக்காமலிருக்க எழுதியது.

அடுத்த திருப்பம் அண்ணா சாலையில். அங்கே 1897-ல் கட்டிய பாரத் இன்சூரன்ஸ் கட்டடம், கார்டில் பில்டிங் என்பது பழைய பெயர், எல்.ஐ.சி.க்குச் சொந்தமானது. 2006-ல் அதை இடிக்கத் தொடங்கியபோது பாரம்பரியப் பாதுகாப்புக்கான இன்டாக் அமைப்பு நீதிமன்றம் போனது. 2010-ல் தீர்ப்பு: இடிக்கக் கூடாது. அதோடு நிற்காமல், ஹோர்டிங் வழக்கில் கிடந்த அந்த 467 பெயர்களையும் எடுத்துக்கொண்டு, இவற்றைப் பாதுகாக்க ஒரு குழு அமையுங்கள் என்று நீதிமன்றம் சொன்னது. இப்படித்தான் சி.எம்.டி.ஏ.வின் கீழ் பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்புக் குழு வந்தது.

சரி, கார்டில் பில்டிங் தப்பியதா? இடிபடாமல் தப்பியது. அதன் பிறகு பழுதுபார்க்க ஆளில்லாமல் வருடக்கணக்காகச் செடி முளைத்து நின்றது. தீர்ப்பால் கடப்பாரையைத் தடுக்க முடியும். மழையை யார் தடுப்பது?

மாநில அளவில் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-லேயே நிறைவேறியது. நடைமுறைக்கு வந்தது 2024-ல். பன்னிரண்டு வருடம்!

என் வீடு பட்டியலில் சேர்ந்துவிட்டால் விற்க முடியாதாமே?

விற்கலாம், வாடகைக்கு விடலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். சொத்து உங்களுடையதே. இடிப்பதற்கும், முகப்பையோ அமைப்பையோ மாற்றுவதற்கும் விண்ணப்பித்தால் அது சி.எம்.டி.ஏ.வின் அந்தப் பாதுகாப்புக் குழுவின் பார்வைக்குப் போகும். அதில் நாளாகும் என்பதையும் மறைக்க வேண்டாம்.

ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்பவர்களின் பயத்தை நான் குறைத்து மதிப்பிடுவதில்லை. ஜார்ஜ் டவுனில் ஒரு கிரவுண்ட் என்ன விலை போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் இடித்து நாலு மாடிக் கிடங்கு கட்டி வாடகை வாங்கும்போது, உன் வீடு அழகாக இருக்கிறது, நீ மட்டும் அப்படியே வைத்திரு என்று சொல்வது எந்த ஊர் நியாயம்? மும்பையில் 1995-லேயே பாரம்பரியக் கட்டடங்களைத் தரம் பிரித்து விதி செய்தார்கள். உரிமையாளர் தன் இடத்தில் கட்ட முடியாமல் போன பரப்பளவை வேறு இடத்தில் கட்டுபவருக்கு விற்கும் ஏற்பாடும் அங்கே உண்டு. பாராட்டுப் பத்திரத்தை விட அப்படி ஒரு வரும்படிதான் வீட்டைக் காப்பாற்றும். சொத்துவரியில் ஒரு சலுகை கொடுத்தால்கூட பாதிப் பேர் கடப்பாரையைக் கீழே வைத்துவிடுவார்கள் என்பது என் நம்பிக்கை.

பழைய வீடு ஒழுகுகிறது. கொத்தனார் சிமென்ட் பூசிவிடலாம் என்கிறார். பூசலாமா?

பூசாதீர்கள். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

முத்தியால்பேட்டையில் எங்கள் தாத்தா கட்டிய வீட்டுச் சுவர் கீழ்ப்பகுதியில் பூத்துப்போய்க் காரை உதிர ஆரம்பித்தது. அப்பா ஊரில் இல்லை. நானே முன்னால் நின்று சிமென்ட் கலவை போட்டுப் பூசச் சொன்னேன். இரண்டு வருடம் கண்ணாடி மாதிரி இருந்தது. மூன்றாவது மழைக்கு அதே ஈரம் ஓர் ஆள் உயரத்துக்கு ஏறியிருந்தது. சிமென்ட் பூச்சு பலகை பலகையாகப் பெயர்ந்து விழுந்தபோது பின்னாலிருந்த செங்கல்லையும் தோலுரித்த மாதிரி கையோடு கொண்டுபோனது. தாத்தா காலத்துக் காரை எண்பது வருடம் தாங்கிய சுவர் அது.

காரணம் புரிந்தால் யாரும் இந்தத் தப்பைச் செய்யமாட்டார்கள். பழைய சுவர் சூளைச் செங்கல்லும் சுண்ணாம்பும். அது நிலத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சும், வெயில் வந்ததும் பூச்சு வழியாக வெளியே விட்டுவிடும். மூச்சு விடும் சுவர் என்று வயதான கொத்தனார்கள் சொல்வது இதைத்தான். சிமென்ட் அந்த வாயை அடைத்துவிடுகிறது. ஈரம் உள்ளேயே மேலே ஏறும். கூடவே வரும் உப்பு, கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் நம்ம ஊரில் உப்புக்கா பஞ்சம், பூச்சுக்குப் பின்னால் படிகமாகி செங்கல்லைப் பொடியாக்கும். தவிர சிமென்ட் முரட்டு இறுக்கம், பழைய செங்கல் மென்மை. வெயிலுக்கும் மழைக்கும் இரண்டும் ஒரே மாதிரி விரிந்து சுருங்காது.

சுண்ணாம்பு அப்படியில்லை. சுட்ட சுண்ணாம்பை நீர் ஊற்றிப் பூக்கவைத்து, வாரக்கணக்கில் ஊறவிட்டு, மணலோடு சேர்த்துச் செக்கில் அரைப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளித்த தண்ணீர்தான் அதற்கு ஊற்றுவது. பூசிய பிறகு அது காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக மறுபடி கல்லாகிறது. மாதங்கள் எடுக்கும். அவசரக்காரர்களுக்குப் பிடிக்காத சரக்கு. மெட்ராஸ் சுனாம் என்று உலகம் முழுக்கப் பேர் வாங்கிய பூச்சு இதன் பெரிய அண்ணன்: கிளிஞ்சல் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துத் தேய்த்துத் தேய்த்துப் பளிங்கு போல மினுக்கியது.

கையில் காசு இல்லையென்றால் முதலில் மேலே பாருங்கள். தண்ணீர் போகும் குழாய், மாடி வாட்டம், ஓரத் தாழ்வாரம். ஒழுக்கு நின்றால் சுவர் பாதி தானாக ஆறும். பூச்சு அடுத்த வருடத்துக்கு.

மெட்ராஸ் டெரஸ் என்கிறார்களே, அது என்ன?

நடையில் ஏதாவது ஒரு பழைய கடைக்குள் நுழைந்ததும் நான் எல்லோரையும் அண்ணாந்து பார்க்கச் சொல்வேன். வரிசையாகத் தேக்குக் கட்டைகள் ஓடும். அவற்றின் மேல், ஒரு அங்குலக் கனமே உள்ள சின்னச் சின்னச் செங்கற்கள், படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, மூலைவாட்டாக, சுண்ணாம்புக் கலவையில் பதித்திருக்கும். அதற்கு மேல் உடைத்த செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று நான்கு அங்குலம் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கைப்பிடி மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கட்டை எகிறிக் குதிக்கும்வரை தட்ட வேண்டும் என்பது கணக்கு. கடைசியில் தட்டை ஓடு பதித்தால் மாடி முடிந்தது. இரும்பும் இல்லை, சிமென்டும் இல்லை. சித்திரை வெயிலில் அந்த அறைக்குள் நின்று பாருங்கள், நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த மாடியில் முதலில் போவது கட்டையின் முனை. சுவருக்குள் சொருகிய இடத்தில் ஈரம் பட்டு உளுத்துவிடும். ஒரு கட்டை போனால் ஒரு கட்டையை மாற்றலாம். மொத்த மாடியையும் தட்டிவிட்டு கான்கிரீட் போடுங்கள் என்று சொல்பவருக்கு அந்த வேலை தெரியாது என்று அர்த்தம்.

மாடிச் சுவரில் அரசஞ்செடி முளைத்திருக்கிறது, வெட்டினால் போதுமா?

வெட்டினால் இன்னும் வேகமாக வளரும். சுண்ணாம்புச் சந்துக்குள் வேர் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று மேலே பார்த்துத் தெரியாது. விரலளவு இருக்கும்போதே வேரோடு எடுத்து, சந்தைச் சுண்ணாம்புக் கலவையால் அடைக்க வேண்டும். பெரிதாகிவிட்டால் பிடித்து இழுக்கவே கூடாது, சுவரும் கூட வரும். மழை முடிந்த தை மாதத்தில் வருடத்துக்கு ஒரு தடவை மாடிக்கு ஏறிப் பாருங்கள். காக்கை எச்சம் விழும் இடங்களில் முதலில்.

சென்னையில் அதிகம் கட்டடங்களை இழந்தது எதனால்?

இடித்ததால் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இடித்ததும் உண்டு, புதிய சட்டமன்ற வளாகத்துக்காகப் பழைய கவர்ன்மென்ட் ஹவுஸ் போனதுபோல. ஆனால் தீயைக் கணக்கில் எடுக்க மறந்துவிடுகிறோம். அண்ணா சாலையின் பழைய ஸ்பென்சர் கட்டடம் 1983-ல், மூர் மார்க்கெட் 1985-ல். சேப்பாக்கம் அரண்மனையின் கலசமகால் 2012 ஜனவரியில், அன்று தீயணைப்புத் துறை அதிகாரி ஒருவர் உயிரையே கொடுத்தார். பழைய தேக்கு, அதன் மேல் ஆணி அடித்துத் தொங்கவிட்ட ஒயர், கீழே கூரை தொடும்வரை காகிதக் கட்டு. ஆற்காட்டு நவாபுக்கு 1768 வாக்கில் அரண்மனை கட்டியவர்கள் ஏ.சி. மின்சாரத்தை நினைத்துக் கட்டவில்லை.

கலசமகால் கதை நல்லபடியாக முடிந்தது. கூரையெல்லாம் போன பிறகும் சுவர்கள் நின்றன. பொதுப்பணித் துறை சுண்ணாம்புக் கலவையிலேயே அதை மீட்டெடுத்தது, இப்போது பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே நடக்கிறது. எரிந்தது, இனிமேல் இடிக்க வேண்டியதுதான் என்று யாராவது சொன்னால் இதை எடுத்துக் காட்டுங்கள்.

எந்தக் கட்டடம் தப்பிக்கும் என்று பார்த்ததும் சொல்லிவிட முடியுமா?

ஓரளவு முடியும். உள்ளே ஆள் புழங்குகிறார்களா என்று பார்ப்பேன்.

ராயபுரம் ரயில் நிலையம் 1856-ல் திறந்தது. தென்னிந்தியாவின் முதல் ரயில் அங்கிருந்து வாலாஜா ரோட்டுக்குப் போனது. இன்றும் அங்கே ரயில் நிற்கிறது, கட்டடமும் நிற்கிறது. மெரினாவில் இருக்கும் ஐஸ் ஹவுஸைப் பாருங்கள். 1842-ல் அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிப் பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து வைப்பதற்காகக் கட்டியது. இங்கேயே ஐஸ் செய்ய ஆரம்பித்ததும் அந்த வியாபாரம் படுத்தது. அப்புறம் அது ஒரு வக்கீல் வீடு. 1897-ல் விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கியது அங்கேதான். பிறகு சகோதரி சுப்புலட்சுமி இளம் விதவைகளைப் படிக்கவைத்த விடுதி. இப்போது ராமகிருஷ்ண மடத்தின் பொறுப்பில் கண்காட்சி. நாலு தொழில் மாறியதால் உயிரோடிருக்கிற கட்டடம். விவேகானந்தர் இல்லம் என்று பெயர் மாற்றி அறுபது வருடம் ஆன பிறகும் ஆட்டோக்காரருக்கு அந்தப் பேட்டை ஐஸ் ஹவுஸ்தான்.

இதற்கு எதிர்ப்பக்கம், அரண்மனைக்காரத் தெருவில் அன்னி பெசன்ட் 1915-ல் எழுப்பிய கோகலே ஹால். ஹோம் ரூல் பேச்சுகள் முழங்கிய மண்டபம். கூட்டம் நின்றது, கச்சேரி நின்றது, கதவு பூட்டியது. அதற்குப் பிறகு இடிக்க ஆரம்பித்து, வழக்கு வந்து, பாதியில் நின்றது. பூட்டு விழுந்த நாளில் அதன் கதை பாதி முடிந்துவிட்டது என்பேன்.

அதனால் பழைய பங்களாவில் காபிக் கடை வைக்கிறார்கள், துணிக்கடை வைக்கிறார்கள் என்று சிலர் குறைப்படும்போது நான் சேர்ந்துகொள்வதில்லை. காபி இருநூறு ரூபாய் என்றால் அது வேறு வருத்தம்.

அரண்மனைக்காரத் தெருவா? அங்கே எந்த அரண்மனை?

அரண்மனையே கிடையாது. அர்மீனியர் தெரு, அவ்வளவுதான். அர்மீனிய வியாபாரிகள் வாழ்ந்த இடம். 1772-ஆம் ஆண்டுத் தேவாலயம் இன்றும் இருக்கிறது, உள்ளே வியாபாரிகளின் கல்லறைகளும் இருக்கின்றன. நம் வாயில் அர்மீனியன் அரண்மனைக்காரன் ஆகிவிட்டார். இதைவிடப் பெரிய கூத்து ஹாமில்டன் பாலம் என்று சொல்வார்கள்: ஹாமில்டன் அம்பட்டன் ஆகி, அம்பட்டன் வாராவதி என்பதை யாரோ திரும்ப ஆங்கிலத்தில் பெயர்த்து பார்பர்ஸ் பிரிட்ஜ் ஆக்கினார்களாம். ஹாமில்டனுக்குச் சவரம் செய்தே அனுப்பிவிட்டது ஊர்.

கட்டடம் மட்டும்தான் பாரம்பரியமா?

இல்லை. அந்தச் சென்னகேசவப் பெருமாள் கோயிலுக்கே திரும்பி வருவோம். புரட்டாசி பிரம்மோற்சவத்துக்கு முன்னால் திருப்பதிக் குடைகள் அங்கிருந்துதான் புறப்படும். யானைகவுனியைக் குடை தாண்டும் நேரத்தில் அங்கிருக்கும் பாலத்துப் பக்கம் நிற்க இடம் கிடைக்காது. அந்த ஊர்வலத்தில் வருகிறவர்களிடம் 467 பட்டியல் பற்றிக் கேட்டால் விழிப்பார்கள். ஆனால் அந்தத் தெருக்கள் தெருவாக இருப்பதற்கு அவர்களும் ஒரு காரணம்.

பீச் ஸ்டேஷன் எதிரில் சாயங்காலம் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் விற்கும் வண்டிகள் பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த ருசி. சென்ட்ரல் பக்கம் பாடிகாட் முனீஸ்வரருக்குப் புது வண்டியைக் கொண்டுபோய் எலுமிச்சம்பழம் நசுக்குவதும், வியாசர்பாடிப் பையன்கள் தட்டும் கானாவும், கேரம் கிளப்பும் இதில் சேர்த்திதான். எந்தத் துறையிடமும் அனுமதி வாங்காமல் நடக்கிறது.

கண்ணெதிரே ஒரு பழைய கட்டடத்தை இடிக்கிறார்கள். என்ன செய்யலாம்?

முதலில் படம் எடுங்கள். முகப்பு முழுதாக ஒன்று, தேதி தெரியும் கல்வெட்டோ பலகையோ இருந்தால் அது ஒன்று, பக்கத்துக் கதவு எண். பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் சி.எம்.டி.ஏ.வுக்கும் மாநகராட்சிக்கும் அன்றைக்கே எழுத்தில் புகார். இடிக்க அனுமதி கொடுத்தீர்களா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும், ஆனால் ஜே.சி.பி. 30 நாள் காத்திருக்காது. அதனால் பத்திரிகைக்காரர்களுக்கும் பாரம்பரிய அமைப்புகளுக்கும் ஒரு போன் போடுவது உதவும். நீண்ட விடுமுறை நாட்களில்தான் கடப்பாரைக்கு வேகம் வரும், கவனித்திருக்கிறேன்.

உரிமையாளரோடு சண்டைக்குப் போகாதீர்கள். ஒரு தடவை போய்க் கத்திவிட்டு வந்தேன். அவர் சொன்னார்: சார், அந்தப் படிக்கட்டில் எங்கம்மா விழுந்து இடுப்பு உடைந்தது, நீங்க வந்து தூக்கிவிட்டீங்களா? எனக்குப் பதில் வரவில்லை. இடிக்கத்தான் போகிறார் என்றால், தூண், கதவு, அத்தங்குடி ஓடு எதையெல்லாம் எடுத்து வைக்க முடியும் என்றாவது பேசலாம். உள்ளே போய் அளந்து வரைந்துகொள்ளக் கட்டடக்கலை மாணவர்களுக்கு ஒரு நாள் கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள்.

இடிந்ததை அப்படியே திரும்பக் கட்டினால் பழைய கட்டடம் ஆகுமா?

புதுச்சேரியில் மேரி என்று அழைக்கப்படும் பழைய நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்தது. பழைய படங்களை வைத்து அதே இடத்தில் அதே முகப்போடு மீண்டும் கட்டினார்கள். கடற்கரையில் நடந்தால் கண்ணுக்குக் குறையே தெரியாது, எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அது 1870-களின் கட்டடம் அல்ல, அதன் நல்ல சிலை. விழுவதற்கு முன்னால் பழுது பார்த்திருந்தால் என்ன செலவாகியிருக்கும் என்று அங்கே நிற்கும்போதெல்லாம் மனம் கணக்குப் போடுகிறது.

வீட்டில் தாத்தா காலத்துப் பத்திரமும் போட்டோவும் இருக்கிறது. யாருக்காவது பயன்படுமா?

பயன்படும், தூக்கிப் போடாதீர்கள். பழைய கிரயப் பத்திரத்தில் நாலு எல்லையும் எழுதியிருக்கும்: கிழக்கே இன்னார் வீடு, வடக்கே இன்ன கிணறு என்று. காணாமல் போன ஒரு தெருவை அதை வைத்தே திரும்ப வரைந்துவிடலாம். கல்யாண போட்டோவில் எனக்கு மணமக்களைவிட அவர்களுக்குப் பின்னாலிருக்கும் திண்ணையும் தூணும் முக்கியம். லேமினேட் மட்டும் செய்யாதீர்கள். ஸ்கேன் எடுத்து, பின்பக்கம் பென்சிலில் யார், எங்கே, எந்த வருடம் என்று எழுதி வையுங்கள். வீட்டில் வயதானவர் இருந்தால் இன்றைக்கே உட்கார்ந்து கேளுங்கள்.

நடைக்கு எப்போது வர வேண்டும், என்ன கொண்டுவர வேண்டும்?

ஞாயிறு காலை ஆறரைக்குப் பாரிமுனை, டேர் ஹவுஸ் பக்கத்திலிருக்கும் எல்லைக் கல் அருகே. கோட்டைக்கு எதிரே வெட்டவெளி எதுவரை என்று காட்ட 1773 வாக்கில் கம்பெனி ஆறு கற்கள் நட்டது, அவற்றில் இன்றும் நிற்பது அது ஒன்றுதான். பக்கத்தில் நின்றுகொண்டே எங்கே சார் இருக்கீங்க என்று போன் போடுபவர்கள் வாரத்துக்கு இரண்டு பேர்.

கால் வலிக்காத செருப்பு, தண்ணீர், ஒரு தொப்பி. கோயில், மசூதி, தேவாலயம் மூன்றுக்குள்ளும் போவோம், அதற்கேற்ற உடை. வீட்டுத் திண்ணையைப் படம் எடுக்கும் முன் அங்கே உட்கார்ந்திருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பெரும்பாலும் உள்ளேயே கூப்பிட்டுக் காட்டுவார்கள். பிள்ளைகளைக் கூட்டி வரலாம். ஒன்பதரைக்குள் முடித்துவிடுவோம், அதற்கு மேல் தெரு தள்ளுவண்டிக்காரர்களுடையது. முடிந்ததும் மின்ட் தெருப் பக்கம் எதையாவது சாப்பிட்டுவிட்டுக் கலைவது வழக்கம், அவரவர் காசு அவரவருக்கு.